பதினோராம் நம்பர் பெட்டியில் இருந்த பன்

பெரிய மனசுக்காரியான அக்காவுக்கு, செருப்புக்கடையில் நின்றே காலம் தள்ளும் உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர. நீயும் அத்தானும் நலமாகத்தான் இருப்பீர்கள். நீங்கள்தான் வயிறாரச் சாப்பிடுகிறீர்களே.

என் கால் விஷயம் உனக்குத் தெரியும். உள்ளங்கால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும், விரல்களோ மரக்கட்டை. ஊரார் காலையெல்லாம் அளக்கிற நான், இரண்டு மாதத்துக்கு முன்பு இடது காலில் ஒன்பதாம் நம்பர் ஷூவும் வலது காலில் ஏழாம் நம்பருமாக மாட்டிக்கொண்டு நாள் பூராவும் கடையில் நடந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் தோலுரிந்து ரத்தம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "சர்க்கரை நரம்பைத் தின்னுக்கிட்டு இருக்கு. மாத்திரை மட்டும் போதாது, மாவுச்சத்தைக் குறைங்க. இல்லேன்னா அடுத்த புண்ணுல விரலையே எடுக்க வேண்டி வரலாம்" என்றார். அதை உனக்கு எழுதியது என் தப்பு. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நீ நாலு பக்கத்துக்குப் பட்டியல் போட்டாய். அதையும் எனக்கு அனுப்பாமல் என் பெண்டாட்டிக்கு அனுப்பினாய் பார், அங்கேதான் என் கதை முடிந்தது.

அவள் அதைப் பீரோ கதவில் ஒட்டிவிட்டாள். சோறு போச்சு, ரொட்டி போச்சு, உருளைக்கிழங்கு போச்சு. டீயில் சர்க்கரை போன துக்கம் ஆறுவதற்குள் காலிஃப்ளவரைத் துருவி வேகவைத்துத் தட்டில் குவித்து, "இதைச் சோறுன்னு நெனச்சுச் சாப்பிடுங்க" என்றாள். "நெனக்கிறதுக்கும் ஒரு நியாயம் வேண்டாமா?" என்றேன். "அப்போ விரல் இருக்கிறதா நெனச்சுக்கிட்டு நடங்க" என்றாள். தட்டைக் காலி செய்தேன்.

ஆறாவது வாரம் தாங்க முடியாமல், வேலைக்குப் போகும் வழியில் இரண்டு பன் வாங்கி, பதினோராம் நம்பர் கறுப்பு ஷூவை வெளியே எடுத்துவிட்டு அந்தப் பெட்டியில் ஒளித்து வைத்தேன். அந்த அளவுக் கால் எங்கள் கடைக்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். அன்றைக்கு வந்தது. நான் பின்கட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி அதை எடுத்து விற்றுவிட்டார். வாங்கியவர் ஒரு வக்கீல், போட்டிருந்த ஷூவின் அடி பிளந்துபோய், போட்டுப் பார்க்கக்கூட நேரமில்லாமல் வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். கோர்ட் வராந்தாவில் கட்சிக்காரர் முன்னால் பெட்டியைத் திறந்தால் இடது பன், வலது பன். ஒரு மணி நேரத்தில் பிளந்த ஷூவோடு சப்சப்பென்று திரும்பி வந்து, "இது என்ன சைஸ்?" என்று கேட்டார். முதலாளி பன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வக்கீலிடம் மன்னிப்புக் கேட்டுச் சரியான ஜோடியைக் கொடுத்தனுப்பினார். என்னைத் திட்டவே இல்லை, நேராக என் வீட்டுக்குப் போன் போட்டார். திட்டியிருக்கலாம், அக்கா. வீட்டில் இவளும் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காலிஃப்ளவரையே தானும் போட்டுச் சாப்பிட்டாள். "எனக்கு மட்டும் இது பிடிக்குமா? நீங்க கம்பு ஊனி நடக்கிறதை என்னால பார்க்க முடியாது" என்றாள். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு கண்ட பலன் பேண்ட் நழுவுகிறது, அவ்வளவுதான். எனவே பட்டியலில் ஏதோ கைத்தவறு நேர்ந்துவிட்டது, வாரம் ஒரு கரண்டி சோறு போடலாம் என்று அவளுக்கு நீயே ஒரு வரி எழுதிவிடு.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகள் வேண்டியதைத் தின்று நூறு வருஷம் வாழட்டும்.

பசியோடு,
உன் தம்பி

பி.கு.: தபால் தலையெல்லாம் ஒட்டிக்கொண்டு இதைப் போடப் போனேன். பாதித் தெருவில் செருப்புக்குள் ஒரு கல் புகுந்து கட்டைவிரலடியில் சுருக்கென்று குத்தியது. உதறிவிட்டு நாலடி நடந்த பிறகுதான் உறைத்தது, எனக்குக் குத்தியிருக்கிறது. திரும்பிப் போய் அந்தக் கல்லைத் தேடி எடுத்து, செருப்புக்குள் போட்டு மிதித்துப் பார்த்தேன். மறுபடியும் குத்தியது. அதோடேயே நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "என்னாச்சு?" என்று பதறினாள். "வலிக்குது" என்றேன். "வலிக்குதுன்னா எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்று கேட்டவள், விஷயம் புரிந்ததும் கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புண் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க என் காலை மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் விடவில்லை, இதை அப்படியே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவளுக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம்.