ரசீது தர முடியாத ஏழை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறையருளால் இங்கு எல்லோரும் நலம். உங்கள் தங்கை என்னைவிடச் சற்றுக் கூடுதல் நலம். உங்கள் முழங்கால் வலி குறைய துஆ செய்கிறேன்.

ஊரார் பல்லைப் பிடுங்கிச் சம்பாதிக்கும் உங்கள் தங்கையின் வரிக் கணக்கைப் பார்க்க நேற்று ஆடிட்டர் வீட்டுக்கு வந்தார். நான் பெரிய மனதோடு தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர், "வருஷா வருஷம் ஏழைகளுக்குக் குடுக்குற ஜகாத் பணத்தைப் பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் குடுத்து ரசீது வாங்குங்கம்மா, வரி குறையும்" என்றார். அதற்கு இவள், "சொந்தத்துல ஏழை இருந்தா அவங்களுக்குக் குடுக்குறதுல ரெண்டு நன்மைன்னு பள்ளிவாசல் ஹஸ்ரத் சொன்னாரு. தர்மத்துக்கு ஒண்ணு, உறவைப் பேணுனதுக்கு ஒண்ணு" என்றாள். "அப்படி யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டார் அந்த மனிதர். அவள் கண் மெதுவாக என் பக்கம் வந்தது. பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஃபிரிட்ஜ்தான் நின்றது.

போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன் ஏழையா மச்சான்? எல்லோர் போனிலும் கேமரா வந்துவிட்டது, வாஸ்தவம். நேற்று கடையேறிய ஒரே ஆளும் சில்லறை மாற்றத்தான் வந்தார், அதுவும் வாஸ்தவம். அதற்காக? "பொண்டாட்டியக் காப்பாத்துறது புருஷன் கடமை, அதனால அவர் எனக்கு ஜகாத் குடுக்க முடியாது. எனக்கு அந்தக் கடமை இல்ல, அதனால நான் அவருக்குக் குடுக்கலாமாம்" என்று அவள் விளக்க, ஆடிட்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஆனா இவர் ரசீது தர முடியாதேம்மா, பதிவு பண்ணலையே" என்று வருத்தப்பட்டார். எனக்கு மானமே போய்விட்டது. "எனக்கு வேண்டாம், அறக்கட்டளைக்கே குடு!" என்று கத்தினேன். "வரி போனாப் போகுது. நீங்க கடையில தலையைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்குறத என்னால பார்க்க முடியல" என்றாள். ஆனாலும் கட்டிய மனைவி முன்னால் நான் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா? அண்ணன் என்ற முறையில் நீங்கள்தான் அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும்.

பெரியவர்களுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு துஆ.

இப்படிக்கு,
இன்னும் ஏழையாகாத உங்கள் மச்சான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஆடிட்டர் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தார். போன வருஷமும் இவள் ஜகாத்துக்கு ரசீது காட்டாமல் வரியை முழுசாகக் கட்டினாளாம். இவளிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "வாங்குறவர்கிட்ட இது ஜகாத்னு சொல்லணும்னு கட்டாயமில்ல" என்கிறாள். புதுக் கேமரா வாங்கிக்கொள்ளச் சொல்லிப் போன வருஷம் நீங்கள் என் கையில் வைத்தது அவள் ஜகாத் பணமாமே! எத்தனை நன்றி எழுதினேன், அத்தனையையும் கூசாமல் வாங்கி வைத்துக்கொண்டீர்களே! புத்தி எதுவும் சொல்ல வேண்டாம். அந்த நன்றிகளை உடனே திருப்பி அனுப்பவும். உரியவளிடம் கொடுக்க வேண்டும்.