எங்களுக்கு முன்னே பயணம் போன பை

படித்தவர்கள் சாத்திரத்தை நம்பமாட்டார்கள். ஆனால் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்று வந்துவிட்டால், நம்புகிறவர்களைவிடக் கச்சிதமாகப் பார்ப்பார்கள். கொழும்புக்குக் குடிபோன அன்று நான் மாட்டிக்கொண்டது இந்தக் கச்சிதத்தால்தான்.

அப்போது எங்களுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கொழும்பில் ஒரு கம்பனியில் எனக்குச் சந்தைப்படுத்தல் உத்தியோகத்தர் வேலை கிடைத்திருந்தது. கொழும்புக்காரர் 'ட்ரிங்கோ' என்கிற எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை பார்த்த என் கணவர் நிரோசனும் மாற்றம் வாங்கிவிட்டார். வெள்ளவத்தையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ் வாடகைக்குப் பிடித்தோம். வீட்டுக்காரம்மா கேற்றுக்கும் கதவுக்குமான திறப்புகளை எங்களிடம் தந்துவிட்டுக் கண்டியிலுள்ள மகளிடம் போய்விட்டார். வியாழன் பயணம். வெள்ளி காலை அசல் சான்றிதழ்களோடு நான் அலுவலகத்தில் நிற்கவேண்டும். வராவிட்டால் அடுத்த ஆள் தயாராக இருக்கிறார் என்பதையும் அவர்கள் மிக அன்பாகச் சொல்லியிருந்தார்கள்.

மாமி, அதாவது நிரோசனின் அம்மா, பஞ்சாங்கத்தை விரித்தார். வியாழன் காலை நேரம் சரியில்லை. லொறியோ அந்த நேரத்துக்குத்தான் கிடைக்கும். இதற்கும் எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. நல்ல நேரத்தில் ஆட்கள் வெளிக்கிட ஏலாவிட்டால், அவர்களுடைய பை ஒன்றை முதல்நாள் நல்ல நேரத்தில் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடலாம். பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

"பழஞ்சீலையைப் போட்டு வைச்சுச் சாத்திரத்தை ஏமாத்தப்படாது பிள்ளை," என்றார் மாமி. "எது இல்லாட்டி உங்களுக்கு ஏலாதோ, அதை வைக்கவேணும்."

வேறு யாராவது என்றால் இரண்டு சேலையை வைத்துவிட்டுப் படுத்திருப்பார்கள். நான் பட்டதாரி. எது இல்லாவிட்டால் ஏலாது என்று கட்டிலில் இருந்து ஆராய்ந்தேன். சான்றிதழ்கள். நியமனக் கடிதம். அனெக்ஸ் திறப்புகள். (ஒரு திறப்பையாவது கையில் வைத்திருக்கலாமே என்று இன்றைக்கு எல்லோரும் கேட்கிறார்கள். அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.) பக்கத்து வீட்டு இராசாத்தி அக்காவின் அலுமாரிக்குள் என் பை பயணத்தைத் தொடங்கியது.

மறுநாள் கிண்ணியாவிலிருந்து றிஸ்வான் நானா லொறியோடு வந்தார். கட்டில், கதிரைகள், மின்விசிறி, அம்மி எல்லாவற்றையும் நானே சரிபார்த்து ஏற்றினேன். ஏற்கெனவே பயணம் போய்விட்ட பையை யார் சரிபார்ப்பார்கள்? மாமி தேங்காய் உடைத்தார், அழுதார், அழுதபடியே இன்னொரு கட்டளையும் போட்டார்: வாசல் தாண்டினால் திரும்பிப் பார்க்கப்படாது.

தெருமுனையில் மான்கள் படுத்திருந்தன. மாடுகளைப்போலத் தெருவில் திரியும் எங்கள் ஊர் மான்கள் ஹோர்னுக்கு அசையாது. லொறியை நிற்பாட்டிய நானா கண்ணாடியைப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒரு பொம்புள பின்னால ஓடி வாறா. கையக் காட்டுறா."

"இராசாத்தி அக்கா," என்றார் நிரோசன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்களில சரியான பாசம்."

"கையில என்னமோ கிடக்கு."

"சாப்பாடா இருக்கும். திரும்பிப் பாக்காதேங்கோ நானா, பயணம் பிழைச்சிடும்," என்றேன். சொன்னது யார்? பட்டதாரி.

மான்கள் எழும்பின. லொறி வேகமெடுத்தது. நான் முகத்தை நேரே வைத்துக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினேன், ஏதோ அரசியல்வாதி மாதிரி.

கந்தளாயில் போன் அடித்தது. மாமி.

"பிள்ளை, நீங்கள் வெளிக்கிட்டிட்டியள். உங்கட பயணம் இஞ்ச நிக்குது."

லொறியைத் திருப்புவோம் என்றார் நிரோசன். கொழும்பில் தனக்கு அடுத்த ஏற்றம் காத்திருக்கிறது, ஏலாது என்றார் நானா. வெளிக்கிட்ட பயணம் திரும்பினால் விளங்காது என்று போனுக்குள்ளிருந்து மாமியும் நானாவின் கட்சியில் சேர்ந்தார். கடைசியில் பையை அடுத்த கொழும்பு பஸ்ஸில் கொண்டக்டர் கையில் கொடுத்துவிடுவதென்று முடிவானது. எங்கள் ஊர்க் கருவாடும் நண்டும் கொழும்புச் சொந்தக்காரரிடம் அப்படித்தான் போகும். என் பட்டமும் அப்படியே போனது.

வெள்ளவத்தையில் பூட்டிய கேற்றுக்கு முன்னால், ஒழுங்கை ஓரமாக, எங்கள் குடித்தனம் முழுவதையும் இறக்கிவிட்டு நானா போய்விட்டார். நிரோசன் பஸ் பார்க்கப் புறக்கோட்டைக்கு ஓடினார். நான் ஒரு கதிரையில் உட்கார்ந்து காவல் காத்தேன்.

சைக்கிளில் வந்த ஒருவர் நின்றார். "கதிரை என்ன விலை தங்கச்சி?"

"விக்கிறதுக்கு இல்லை அண்ணா. எங்கட வீட்டுச் சாமான்."

"முதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்," என்று அவரே ஒரு விலை சொன்னார். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். கூட்டிச் சொன்னார். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நான் மறுக்க மறுக்க விலை ஏறியது. பல்கலைக்கழகத்தில் சந்தைப்படுத்தல் படித்த காலத்தில் இந்த உத்தியை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. எதிர்வீட்டு அன்ரி கட்டிலைத் தட்டிப் பார்த்து, "தேக்கோ, முதிரையோ?" என்றார். "முதிரை," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதோடு நான் கடைக்காரி.

புறக்கோட்டையிலிருந்து நிரோசன் போன் எடுத்தார். பஸ் குருநாகலில் ரயர் காத்துப் போய் நிற்கிறதாம். நாளைக் காலை எதைக் காட்டப்போகிறேன்? இவ்வளவு தூரம் ஊரைப் பெயர்த்துக்கொண்டு வந்து அடுத்த ஆளுக்கா வேலையைக் கொடுக்கப்போகிறேன்? கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது.

அன்ரி பேரம் பேசுவதை நிறுத்தினார். "பாவம், கஷ்டத்திலதான் விக்குது பிள்ளை," என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். கட்டிலின் விலையையும் தானாகவே கூட்டினார்.

பொழுது சாய்கிற நேரத்தில் நிரோசன் பையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்கினார். எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் கொண்டக்டர் அதை யாருடையதோ திருக்கைக் கருவாட்டுப் பொதிக்கு அடியில் வைத்திருந்திருக்கிறார்.

வெள்ளி காலை, குளிரூட்டிய அறையில், நான் நீட்டிய சான்றிதழ்களை அதிகாரி வாங்கினார். ஒரு கணம் நிதானித்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"ட்ரிங்கோவோ?"

"ஓம் சேர்," என்றேன்.

வேலையில் இன்னும் இருக்கிறேன். ஆனால் எங்கள் ஒழுங்கையில் நான் சந்தைப்படுத்தல் உத்தியோகத்தர் என்பதை ஒருவரும் ஏற்கவில்லை. போன மாதம்கூட ஒரு புதுமணத் தம்பதி கதவைத் தட்டியது. முதிரைக் கட்டில் இருக்கிறதாமே, எதிர்வீட்டு அன்ரி அனுப்பினாராம். நான் வாயைத் திறக்குமுன் குசினிக்குள்ளிருந்து நிரோசனின் குரல் வந்தது.

"விக்கிறதுக்கு இல்லையெண்டு சொல்லும். விலை ஏறட்டும்."