சொல்தா குண்டு வீசிப் பார்த்த வைத்தியம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். நடந்தது என்னவென்று எனக்கே இன்னும் பாதி புரியவில்லை.

சந்தேகம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரே மனிதர் புதுச்சேரியில் சொல்தாதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றதால் அந்தப் பெயர். மூலக்குளத்தில் என்னோடும் நண்பன் சலீமோடும் தினமும் பெத்தாங்க் ஆடுவார். சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் இரும்புக் குண்டை வீசுகிற ஆட்டம். எந்தக் குழப்பத்துக்கும் குண்டு வீசித்தான் முடிவெடுப்பார். மகளுக்கு வந்த இரண்டு வரன்களில் ஒன்றை அப்படித்தான் முடித்தார். நல்லவேளை, மாப்பிள்ளை தங்கம்.

ஒருநாள் அவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு, பையைத் தொடையில் கட்டி அனுப்பினார்கள். பிராஸ்டேட் வீங்கிவிட்டதாம். வயிற்றைக் கிழிக்காமலே மூன்று வழி இருக்கிறதாம். சொல்தா மூன்று குண்டுகளோடு மைதானத்துக்கு வந்தார்.

"இது ஆவி வுட்டு சுருக்குறது. இது கிளிப்பு போட்டு ஒதுக்குறது. இது ரத்தக்குழாய அடைக்கிறது. எது கிட்ட போவுதோ, அதான்."

"ஆவின்னா இட்லி மாரி வேவ வைப்பாங்களா முசியே?"

"பிராஸ்டேட்டு எங்க இருக்குன்னே ஒனக்குத் தெரியாது, பேச வந்துட்டான்!"

உண்மைதான். தொண்டையில் என்று நினைத்திருந்தேன்.

கிளிப்பு ஜெயித்தது. மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய், "கிளிப்பே போட்டுடுங்க, குண்டு சொல்லிடுச்சு" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"எந்தக் குண்டு சார்? ஸ்கேன்ல பிராஸ்டேட்டோட நடுப்பக்கம் சிறுநீர்ப்பைக்குள்ள துருத்திக்கிட்டு இருக்கு. கிளிப்பு உங்களுக்கு சரிப்படாது. ஆவிதான்."

வெளியே வந்ததும் சொல்தா என் மணிக்கட்டைப் பிடித்தார். "டேய், டியூப்பு இல்லாம நானா மறுபடி போவேனாடா?"

"போவீங்க முசியே" என்றேன், ஒன்றும் தெரியாமலே.

ஆவி வைத்தார்கள். சில நாள் கழித்து டியூப்பை எடுத்தார்கள். தானாகப் போகாவிட்டால் திரும்பவும் டியூப்தான் என்றார் நர்ஸ். அரை மணி நேரம் கழிப்பறை வாசலில் நின்றேன். உள்ளே சத்தமே இல்லை. அப்புறம் மெல்லக் கேட்டது. மழை பிடித்ததுபோல் வலுத்தது. வெளியே வந்தவர் விறைப்பாக எனக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

சலீமுக்கு மெசேஜ் போட்டேன்: "டியூப்பு வேணாம்டா, தானா வந்துருச்சு. ஒருத்தர் ஒண்ணுக்குப் போனதுக்கு நான் ஏன்டா அழுவுறேன்?"

பதில் வந்தது: "யார்கிட்டயும் சொல்லாத, நானும் அழுதுட்டுதான் இருக்கேன்."