பால் தேத்தண்ணி நிறத்தில் ஒரு பிளக்

இந்த உலகத்தில் காற்று போதவில்லை என்று கவலைப்பட்ட ஒரே மனுஷர் எங்கள் பதுளை ஊதல் நானாதான். மற்றவர்கள் எல்லாம் அரிசி போதவில்லை, சீனி போதவில்லை, பாண் கிடைக்கவில்லை என்று வரிசையில் நின்ற எழுபதுகளில், அவர் ஒருவர் மட்டும் வானத்தைப் பார்த்து, "இங்க காத்து பத்தாது மனே" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெருமூச்சில்தான் என் கார் போனது. இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்பதால் இன்னொரு தடவை சொல்லித் தொலைக்கிறேன்.

ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் பாதையில் தகரக் கொட்டகை போட்டு கராஜ் நடத்தினார். அவருக்கு வாப்பா உம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் கேட்டதில்லை, அண்ணன் என்ற மரியாதைக்கு எல்லாருக்கும் அவர் நானாதான். மேலே ஏற ஏறக் காற்று மெலிந்துபோகிறது, ஆகவே மலைநாட்டில் எது எரிந்தாலும் அரைகுறையாகத்தான் எரிகிறது என்பது நானாவின் கட்சி. அதனால் எதைக் கண்டாலும் ஊதுவார். வீட்டு அடுப்புக்குப் பட்டறைத் துருத்தியைப் பூட்டினார். சோறு என்னவோ சீக்கிரம் வெந்தது, பானைக்குத்தான் அடி இல்லை. அவர் பொஞ்சாதி அன்றைக்கே துருத்தியைத் தூக்கித் தெருவில் எறிந்தாள்.

கராஜுக்கு நேர் எதிரே பெருமாளின் தேத்தண்ணிக் கடை. பெருமாள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கொஞ்ச காலம் வேலை செய்துவிட்டு, டவுனுக்கு இறங்கிக் கடை போட்டவர். தெருவில் கிடந்த துருத்தியை நானா அவர் அடுப்புக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார். கேத்தல் மூடி பறந்துபோய்க் கூரைத் தகரத்தில் மோதியதில் ஒரு பள்ளம் விழுந்தது. வேறு யாராவது என்றால் சட்டையைப் பிடித்திருப்பார்கள். பெருமாளோ கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பள்ளத்தைக் காட்டி, "நம்ம நானா செஞ்சதுங்க" என்று பெருமைப்படுவார். இரண்டு பேரும் காலையில் ஒரு வாக்குவாதம் பண்ணாவிட்டால் இரண்டு பேருக்குமே தின்றது செரிக்காது.

இவர்களுக்கு நடுவில் நான் எப்படிப் போய் மாட்டினேன் என்று கேட்பீர்கள். அப்போது எனக்கு மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிளாக்கர் வேலை. எங்கள் துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது தன் பழைய காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அந்தக் காரில் நான் தனியாகப் போனால் மலை ஏறும். கூட ஒரு ஆள் ஏறினால், அந்த ஆள் பாதி வழியில் இறங்கித் தள்ள வேண்டும். பதுளைக்கு வந்த ஒருநாள் ஃபேன் பெல்ட் மாற்றித் தரச்சொல்லிக் காரை நானாவிடம் விட்டேன். ஃபேன் பெல்ட்! நான் கேட்டது அது ஒன்றுதான்.

மறுவாரம் வந்து பார்த்தால் பொனட்டில் ஒரு ஓட்டை. ஓட்டை வழியாகப் பூசணிக்காய் பருமனுக்கு ஒரு இரும்பு தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன நானா இது?"

"ஊதல்! பழைய லொறி எஞ்சின்ல ஈந்த காத்து ஊதி. எஞ்சின் ஓடக்குள்ள இதுவும் சுத்தும், உள்ளுக்குக் காத்தை அடைக்கும். இனி ஒங்கட காருக்கு மடுல்சீமையும் ஒண்டுதான், கடக்கரை மட்டக்களப்பும் ஒண்டுதான்."

"நான் பெல்ட்தானே கேட்டேன்?"

"பெல்ட்டும் போட்டீக்கி. ரெண்டு போட்டீக்கி."

ஊதியைப் பூட்டியதோடு விட்டதா சனியன்? இல்லை. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டுமாம். கார்புரேட்டருக்குள் பித்தளைத் திருகாணி மாதிரி ஒரு சின்னச் சாமான், அதற்குப் பெயர் ஜெட். அதன் நடுவில் இருக்கிற ஊசித் துவாரம் வழியாகத்தான் பெட்ரோல் உள்ளே போகும். துவாரம் சிறுத்தால் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் கொதித்துப் பிஸ்டனே ஓட்டையாகிவிடும். பெருத்தால் கரும்புகை கக்கி, இழுவை போய், பெட்ரோலையும் குடித்துத் தீர்க்கும். சரியான துவாரம் எது? வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். இருமல் மிட்டாய் டின் ஒன்றில் நானா ஜெட்டுகளைப் போட்டு வைத்திருந்தார். துவாரத்தை ஈயத்தால் அடைப்பார், மெல்லிய துளைக்கம்பியால் மறுபடி திறப்பார், பூட்டுவார், ஹாலிஎல மேட்டில் ஓட்டிப் பார்ப்பார், திரும்பி வந்து மறுபடி அடைப்பார். நான் மர வாங்கில் உட்கார்ந்து கொட்டாவி விடுவேன்.

ஜெட் சரியா பிழையா என்று, எஞ்சினுக்குள் பொறி தட்டுகிற பிளக்தான் காட்டிக்கொடுக்கும். ஓடுகிற ஓட்டத்தில் எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றாது, கறுத்திருந்தால் கூடிவிட்டது. சரியான நிறம் இளம் தவிட்டு நிறம். "அதாவது நம்ம பெருமாள்ட பால் தேத்தண்ணி நிறம்" என்றார் நானா. அதைப் பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மனுஷர் நிஜமாகவே ஒரு கிளாஸ் தேத்தண்ணி வாங்கி வந்து பொனட்டில் வைத்து, பக்கத்தில் பிளக்கைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"பெருமாள்! இன்னும் கொஞ்சம் வெளுப்பு ஈக்கி!"

"அப்ப ஓட்டையைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க நானா!" என்று கடைக்குள்ளிருந்து குரல் வரும்.

ஒரு வழியாகப் பிளக்கும் தேத்தண்ணியும் ஒரே நிறத்துக்கு வந்தன. சும்மா சொல்லக்கூடாது, கார் பறந்தது. நானும் என்னைப்போலப் பருத்த மூன்று பேரும் ஏறி, ஒருத்தரும் இறங்கித் தள்ளாமல் மடுல்சீமை போய்ச் சேர்ந்தோம். ஊதி போட்ட கூச்சலில் வழியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் கூடையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தோடு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்திருந்தால் நான் புத்திசாலி. ஆனால் நானா, "கிழமைக்கு ஒருக்காக் கொண்டுவந்து காட்டுங்க" என்றார். நானும் போனேன். ஒவ்வொரு தடவையும் கிளாஸ் வரும், பிளக் வரும், "கொஞ்சம் வெளுப்பு" என்பார், ஜெட்டை ஒரு மயிரளவு பெருக்குவார்.

சில மாதத்தில் கார் கரும்புகை விட ஆரம்பித்தது. ஏற்றத்தில் மூச்சுத் திணறியது. பெட்ரோல் விலை ஏறியிருந்த நேரத்தில் மொடாக் குடிகாரன் மாதிரி குடித்தது. பின்னால் வந்த பஸ்காரர்கள் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார்கள். காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். நானா வழக்கம்போலக் கிளாஸையும் பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, "சரியாத்தானே ஈக்கி!" என்றார். எட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறம்தான். ஒரே கறுப்பு.

"நானா, இது தேத்தண்ணியா, கஷாயமா?"

அப்போதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. டின்பாலுக்குத் தட்டுப்பாடு. பெருமாள் வாரத்துக்கு வாரம் பாலைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். பால் குறையத் தேத்தண்ணி கறுத்தது, தேத்தண்ணி கறுக்க நானா ஜெட்டைப் பெருக்கினார், என் கார் புகைந்தது. குடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்காதா என்கிறீர்களா? வாழ்நாள் பூராவும் டியூப் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சிய நாக்கு அது. சீனியைப் போட்டாலும் உப்பைப் போட்டாலும் நானாவுக்கு ஒன்றுதான்.

நானா கிளாஸைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினார். கடையில் நல்ல கூட்டம்.

"பெருமாள்! என்ன வேல செஞ்சீக்கிறாய்? ஒன்ட தேத்தண்ணிய நம்பித்தானே நான் ஜெட் வெட்டினேன்! என்ன ஏமாத்திப்போட்டியே!"

பெருமாளின் முகம் செத்துப்போயிற்று. "பால் கிடைக்கல நானா. எல்லாருக்கும் வெறும் தேயிலைச் சாயந்தான் குடுக்கிறேன். உங்களுக்கு மட்டுந்தான் ஒளிச்சு வச்சிருந்து ஒரு கரண்டி ஊத்துறேன்."

"ஒரு வார்த்த செல்லப்படாதா?"

"என்னன்னு சொல்றது? நான் மனுசங்களுக்குத்தானே தேத்தண்ணி போடுறேன். காருக்கா போடுறேன்?"

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் வினை. நானா கிளாஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். அதோடு பேச்சு நின்றது. அகலமில்லாத அந்தத் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். நானா வேறு கடைகளில் தேத்தண்ணி வாங்கி வைத்துப் பார்த்தார், பிஸ்கட்டை வைத்துப் பார்த்தார், கடைசியில் என் முழங்கையையும் பிடித்து வைத்துப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. கார் கட்டை மேல் ஏறியது. நான் பஸ்ஸுக்கு நின்று நின்று கால் கடுத்துப்போனேன். "போய்ப் பேசுங்களேன் நானா" என்று நான் சொன்னதை எண்ணினால் தலை நரைக்கும். "அவன் வந்து பேசட்டும்" என்பார். அந்தப் பக்கம் போய்ச் சொன்னால், "நான் என்னங்க தப்பு செஞ்சேன்?" என்பார் பெருமாள்.

இப்படி இருக்கும்போது பெருமாளுக்கு இந்தியா போகிற பேப்பர் வந்துவிட்டது. இரண்டு அரசாங்கமும் பேசி, தோட்டத்துச் சனங்களை இவ்வளவு உனக்கு, இவ்வளவு எனக்கு என்று பிரித்துக்கொண்ட காலம் அது. போனவர்கள் திரும்பி வந்ததில்லை. கடை மூடிக் கிடந்தது. வழியனுப்ப நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். பெண்டு பிள்ளைகள், தகரப் பெட்டிகள், அழுகை. ஸ்பிரிங்வெளிச் சனம் முழுக்க அங்கேதான் நின்றது. பெருமாள் மட்டும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளாக்கர் ஐயா, அந்த மனுசன் வரமாட்டாருங்களா?"

நானும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். ரயில் நகர்ந்ததும் நேரே கராஜுக்கு வந்தேன். காருக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன.

"பெருமாள் போயிட்டாரு நானா. வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரு. நீங்களும் ஒரு மனுஷரா?"

ஹாலிஎலப் பக்கமாக ரயில் கூவுகிற சத்தம் கேட்டது. சட்டென்று மனுஷர் வெளியே உருண்டு வந்தார். முகமெல்லாம் கிரீஸ்.

"கட்டைய எடுங்க கிளாக்கர்!"

மிட்டாய் டின்னைக் கவிழ்த்தார். ஒப்பிட்டுப் பார்க்கத் தேத்தண்ணி இல்லை. ஒரு ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணை மூடினார். "முந்தி அவன் போட்டுத் தாற தேத்தண்ணி... ஆ, இதுதான்" என்று சொல்லிப் பூட்டினார். இப்படியும் ஒருவர் ஜெட் தெரிந்தெடுப்பாரா என்று நினைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி நேரம் நான் கண்ணைத் திறக்கவில்லை. ஊதி பேய் மாதிரி அலறியது, ஆனால் துளிப் புகை இல்லை. தெமோதரையில் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, தான் வந்த வழிக்கு மேலேயே ஏறித்தான் போகும். அந்தச் சுற்றை நம்பித்தான் ஓட்டினோம். ஆனால் நாங்கள் போய்ச் சேரும்போது ரயிலின் வால்தான் தெரிந்தது. "பண்டாரவளையில புடிப்பம்" என்று நானா மிதித்தார். முருகா, பள்ளிவாசல் அவுலியாவே, யார் காதில் விழுந்தாலும் சரி என்று எல்லாரையும் கூப்பிட்டேன். பண்டாரவளை ஸ்டேஷன் வாசலில் போய் நின்றபோது ரயில் உள்ளே நின்றுகொண்டிருந்தது. ரயில் கார்ட் பச்சைக் கொடியைக் கையில் எடுத்துவிட்டார்.

நானா இறங்கி ஓடுவார் என்று பார்த்தால், பொனட்டைத் திறக்கிறார்!

"யா அல்லாஹ்னு ஓடுங்க நானா! ரயில் போகப் போகுது!"

"பொறுங்க! ஓடின ஓட்டத்துல பாத்தாத்தான் மெய்யான நிறம்!"

கந்தைத் துணியால் பிடித்துக் கொதிக்கக் கொதிக்க ஒரு பிளக்கைக் கழற்றிக்கொண்டு பிளாட்பாரத்துக்குள் பாய்ந்தார். நான் பின்னால். கந்தைத்துணி வாசலிலேயே விழுந்து கிடந்தது. ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்து, பெருமாளைக் கண்டதும் பிளக்கை நீட்டினார். மன்னிப்பும் இல்லை, சலாமும் இல்லை.

"பாரு! நிறம் சரியா, செல்லு!"

பெருமாள் கையை நீட்டி வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது.

"ஒரு சொட்டு பால் கூடிப்போச்சு நானா."

"கூடவா? ஒன்ட கண்ணுல கோளாறு!"

"எனக்கா? நான் போட்ட தேத்தண்ணி எனக்குத் தெரியாதா?"

ரயில் நகர்ந்தது. நானா கூடவே ஓடினார். பிளாட்பாரம் முடிகிறவரைக்கும் இரண்டு பேரும் ஒரு சொட்டுப் பாலுக்காகச் சண்டை போட்டார்கள். பெருமாள் பிளக்கைத் திருப்பித் தரவில்லை. கையை மூடிக்கொண்டு, மூடிய கையையே ஆட்டிக்கொண்டு போனார்.

காரில் மிச்சம் மூன்று பிளக். மாற்றிப் போட வேறு பிளக் எங்கேயும் கிடைக்காது. நல்லவேளை, திரும்பும் வழியில் பெரும்பகுதி இறக்கம். எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே வந்தோம். நான்தான் ஸ்டியரிங் பிடித்தேன். நானாவின் உள்ளங்கை கொப்புளித்துப் போயிருந்தது. அதை வாயால் ஊதிக்கொண்டே வந்தார்.

"அவன்ட கையும் சுட்டீக்கும், கிளாக்கர்" என்றார் பிறகு. "நல்ல கொதி. ஆனா விடல்ல, பாத்தீங்களா?"

"பாத்தேன் நானா."

தெமோதரைச் சரிவில் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒங்கட பக்கத்துக் கண்ணாடிய ஏத்துங்க. காத்து கூடிப்போச்சு, கண்ணு கலங்குது."

அவரோடு அலைந்த அலைச்சலில் நான் அலுத்துப்போன மாதிரி வேறு யாரோடும் அலுத்துப்போனதில்லை. அப்படிப் பிடித்துப்போன மனுஷரும் வேறு இல்லை. கண்ணாடி முதலிலேயே மேலேதான் இருந்தது. கைப்பிடியைச் சும்மா தொட்டுவிட்டு, "ஏத்திட்டேன் நானா" என்றேன்.