நியூட்ரல் அண்ணனின் பிளக்-இன் கார்

இறக்கத்தைக் கண்டால் மகிழாத டிரைவர் உலகத்தில் இல்லை. ஆனால் இறக்கத்தைத் தன் சொந்த வருமானமாகவே நினைத்தவர், நாமக்கல்லில் எங்கள் எதிர்வீட்டு நியூட்ரல் அண்ணன் ஒருவர்தான். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ரோடு கொஞ்சம் சரிந்தாலும் கை தானாக நியூட்ரலுக்குப் போய்விடும். வண்டி சும்மா உருளும், டீசல் மிச்சம்.

அவர் மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிடுபவருக்கு, வீசிங். பழைய டீசல் காரின் புகை ஆகாது என்று டாக்டர் சொன்னதும், இருந்த இரண்டு லாரியில் ஒன்றை விற்று பிளக்-இன் ஹைப்ரிட் கார் வாங்கினார். வீட்டில் சார்ஜ் போட்டால் கொஞ்ச தூரம் கரண்டில் ஓடும். அது தீர்ந்தால் பெட்ரோல் இன்ஜின் எழுந்துகொள்ளும். எழுந்துவிடுமோ என்பதே அண்ணனின் முழுநேரக் கவலையானது.

"தம்பி, போட்ட காசு திரும்புமுங்களா?" என்று தினமும் கேட்பார். "கரண்டும் நிலக்கரியை எரிச்சுத்தான வருது? புகையை இங்கிருந்து அங்க தள்ளி உடறதுக்கா லாரியை வித்தேன்?"

எனக்கு என்ன தெரியும்? "போகப் போகப் பார்க்கலாம்ணா" என்பேன். அவருக்குக் கவலை இரட்டிப்பாகும்.

எங்கே போனாலும் முதலில் பிளக் பாயின்ட் தேடுவார். ஒரு கல்யாண மண்டபத்தில் இவர் சார்ஜ் போட்டதில் பியூஸ் போய், கிரைண்டர் நின்று, பந்தியே சட்னி இல்லாமல் நடந்தது. "அதான் மொய் எழுதிட்டமல்லங்க?" என்றார்.

ஒரு நாள் அக்காவையும் என்னையும் கொல்லிமலைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். ஏறும்போதே கரண்டு தீர்ந்து இன்ஜின் உறுமியது. அக்கா பழக்கதோஷத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

"பயப்படாத புள்ள, இறக்கத்துல சார்ஜ் தானா ஏறுமாம். ஷோரூம்ல சொன்னாங்க" என்றார் அண்ணன்.

இறங்கும்போது முதல் கொண்டை ஊசி வளைவிலேயே நியூட்ரல். கார் பிய்த்துக்கொண்டு போனது. எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாத சாமிகளையும் கூப்பிட ஆரம்பித்தேன். சேந்தமங்கலம் வந்து பார்த்தால், பேட்டரி ஒரு கோடுகூட ஏறவில்லை. இன்ஜின் மறுபடியும் உறுமியது.

ரோட்டோரம் நிறுத்தி இறங்கி ஷோரூமுக்குப் போன் போட்டார். "நியூட்ரல்ல உட்டா எப்படிங்க ஏறும்? கியர்ல இறக்குனாத்தான் சக்கரம் சுத்தறது கரண்டாகும்" என்றார் மெக்கானிக்.

அண்ணனின் முகம் செத்துப்போயிற்று. "மலை முழுக்க இனாமா வந்த கரண்டைக் கொட்டிப்போட்டனே, தம்பி!"

பார்க்கப் பாவமாக இருந்தது. "இவ்வளவு கவலை எதுக்குண்ணா? பேசாம வித்துடுங்களேன்" என்றேன்.

பின்சீட்டில் தூங்கிவிட்ட அக்காவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "முன்னெல்லாம் நான் வண்டியை எடுத்தாலே புகைக்குப் பயந்து கதவைச் சாத்திக்குவா. இப்ப வாசல்ல நின்னு கை காட்டறா, சாமி. எப்படி விக்கறது?"

அவர் காரில் உட்கார எனக்கு இன்னமும் பயம்தான். ஆனால் கூப்பிட்டால் போய்விடுகிறேன்.