அப்புறம் அண்ணனும் சாகாத யானையும்

பினாங்குத் தீவில் புத்தகங்களுக்கு நடுவிலேயே வாழ்ந்தும் ஒரு வரிகூடப் படிக்காத உயிர்கள் இரண்டுதான். ஒன்று கரையான். மற்றொன்று அப்புறம் அண்ணன். கரையானையாவது மன்னிக்கலாம், அது புத்தகத்துக்குள் போய்ப் பார்க்கிறது.

டத்தோ கிராமாட் பக்கம், ஒரு டயர் கடையின் மேல்மாடியில் சங்கம் ஒன்று நடத்தும் சின்னத் தமிழ் நூலகத்துக்கு அவர்தான் நூலகர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் சும்மா வாங்கிக்கொள்ள மாட்டார். "கதை என்னா?" என்பார். நாம் சொல்லச் சொல்ல, பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய கோப்பியை உறிஞ்சிக்கொண்டே, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். முடிவு வரை சொன்னால்தான் முத்திரை விழும்.

வாசகர்களின் சிந்தனையை வளர்க்க அவர் கண்டுபிடித்த முறை இது என்று சங்கத்தில் பெருமையாகச் சொல்கிறார்கள். நானும் கொஞ்ச நாள் நம்பினேன். உண்மை என்னவென்றால், நூலகர் படிக்க வேண்டியதை எல்லாம் நம்மைப் படிக்க வைத்து, சாரத்தை மட்டும் உட்கார்ந்த இடத்தில் வாங்கிக்கொள்கிறார். ஒருவர் சொன்ன கதையை அடுத்தவருக்குச் சிபாரிசும் செய்வார்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பாயான் லெப்பாஸில் கணினிச் சிப்பு செய்யும் தொழிற்சாலை சூப்பர்வைசர் ஒருவர் தலையணை போன்ற நாவல் ஒன்றை எடுத்துப்போய், பிரிக்காமலே கொண்டுவந்தார். மேசை முன்னால் மாட்டிக்கொண்டதும், வாயில் வந்த கதையைச் சொல்லித் தப்பித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த நாவல் அண்ணனுக்கு 'சிப்பு பேக்டரி கதை'.

"எடுத்துட்டுப் போ தங்கச்சி. ஓவர்டைம் குடுக்காத மேனேஜர கடசியில ஸ்டோர்ல வெச்சுப் பூட்டிருவாங்க. உன் வீட்டுக்காரரும் பேக்டரிதான? அவருக்கும் படிச்சுக் காட்டு," என்று அதை என்னிடம் நீட்டினார்.

குழந்தை தூங்கும் நேரத்தில் எல்லாம் படித்தேன். இளவரசி ஒருத்தி ஆற்றங்கரையில் காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள். மேனேஜர் வரவே இல்லை.

"அண்ணே, இதுல ராஜா ராணிதான் இருக்காங்க. பேக்டரியே இல்ல."

"முழுசாப் படிச்சியா?"

"படிச்சேன்."

"அவசரத்துல வுட்டுருப்ப லா."

நான் பட்டதாரி. ஆனாலும் வீட்டுக்குத் திரும்பும்போது, நடுவில் பக்கங்கள் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தனவோ என்று யோசித்துக்கொண்டேதான் வந்தேன். அந்த மனிதரின் முகத்தில் இருந்த நிச்சயம் அப்படி.

வேலை, ஒழுக்கம், வாழ்க்கை எல்லாவற்றைப் பற்றியும் அவரிடம் தத்துவம் உண்டு. யாரும் கேட்க வேண்டியதில்லை. "வேலன்னா என்னா? ஒரே எடத்துல உக்கார்றது. ஓடுறவன் வேல செய்யல, வேலயத் தேடிக்கிட்டு இருக்கான்." அலமாரியைத் துடைக்கக் கூடாதா என்று கேட்டால், "தூசியத் தட்டிட்டா எந்தப் புக்க யாரும் தொடலன்னு எப்படித் தெரியும்?" பொய்யைப் பற்றி: "பொய் சொல்லலாம். பாதியில நிப்பாட்டக் கூடாது. கேக்குறவன் பாவம்." அலமாரிகளில் வரலாறு, கவிதை என்று எழுதியிருக்காது. 'படுத்துக்கொண்டு படிப்பவை', 'பஸ்ஸில் படிப்பவை', 'மாமியார் வந்திருக்கும்போது படிப்பவை' என்று எழுதி ஒட்டியிருக்கும். கடைசி அலமாரியில் சமையல் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மகளைக் கூட்டிப்போனேன். வேறு வழி தெரியவில்லை. யாழினிக்கு ஆறு வயது. அடுத்த ஆண்டு தொடக்கப்பள்ளி. வீட்டில் வாய் ஓயாது, வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. "கழிப்பறைக்குப் போணும்னுகூடக் கேக்க மாட்டேங்கிறா மா. ஸ்கூல்ல ரொம்பக் கஷ்டப்படுவா. டாக்டர்கிட்ட காட்டுங்க," என்று பாலர் பள்ளி ஆசிரியை சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கைப்பேசி கொடுத்ததாலா, தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதாலா, நான் வேலைக்குப் போனதாலா, பிறகு வேலையை விட்டதாலா? டாக்டரிடம் நாள் குறித்தேன். அதுவரை சும்மா இருக்கக் கூடாதே என்று நூலகம்.

யாழினி அட்டையைப் பார்த்து ஒரு படக்கதையை எடுத்தாள். ஒரு யானை கண்ணை மூடி ஒருக்களித்துப் படுத்திருக்கும் படம். வீட்டில் அதைத் திரும்பத் திரும்பப் படித்தோம். அடுத்த சனிக்கிழமை திருப்பிக் கொடுக்கப் போனோம்.

"பாப்பா, கதை என்னா?"

யாழினி என் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நான் சொல்றேண்ணே."

"புக்கு யாரு பேர்ல எடுத்தது?"

"அவ பேர்ல."

"அப்ப அவதான் சொல்லணும்."

"அவ வெளியாளுங்ககிட்ட பேச மாட்டாண்ணே."

"நான் என்னா வெளியாளு? உள்ளதான உக்காந்திருக்கேன்."

புத்தகம் எங்களோடு வீட்டுக்கு வந்தது. அடுத்த வாரமும் போனது, வந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. பெற்ற பிள்ளையை ஊர் முன்னால் நிறுத்திக் கூசவைக்கிறாரே என்று வயிறு எரிந்தது. சங்கத் தலைவருக்கு வாட்ஸாப்பில் நீளமாக ஒரு புகார் எழுதினேன். கடுமையாக இருக்கிறதோ என்று பாதியை அழித்தேன். மீதி அர்த்தமில்லாமல் இருந்ததால் அதையும் அழித்தேன்.

நான்காவது முறை போனபோது, எங்களுக்கு முன்னால் ஓர் அம்மா தன் பிள்ளைக்குப் புத்தகம் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் தேடி எழுந்திருப்பாரா? எட்டி என் கையிலிருந்த யானையை வாங்கி நீட்டினார்.

"இத எடுத்துக்குங்க சிஸ்டர். நல்ல கதை. கடசியில யானை செத்துரும்."

அந்த அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "சின்னப் புள்ளைக்கு எதுக்குண்ணே சாவுற கதை?"

"அட்டையில பாருங்க. செத்துதான கெடக்கு."

"சாவல."

யார் பேசியது என்று நான்கூடத் திரும்பிப் பார்த்தேன். யாழினி துப்பட்டாவை விட்டுவிட்டு மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"செத்துருச்சு பாப்பா," என்றார் அண்ணன். "நான் லைப்ரரியன். எனக்குத் தெரியாதா?"

"சாவல. எறும்புக்குக் கல்யாணம். ஊர்கோலம் தும்பிக்கை மேல போவுது. யானை ஆடுனா எல்லாரும் வுழுந்துருவாங்க. அதான் சும்மா படுத்திருக்கு."

"எறும்புக்கு எதுக்குக் கல்யாணம்?"

"அதுக்கு ஆசை."

"அப்புறம்?"

"பொண்ணு எறும்பு காதுகிட்ட வந்து தேங்க்யூ சொல்லும். யானைக்குக் கூசும். ஆனா சிரிக்காது."

"அப்புறம்?"

யாழினி ஊர்கோலம் முடிந்து, விருந்து முடிந்து, யானை எழுந்து போய்க் குளத்தில் விழுந்து சிரித்தது வரை சொல்லி முடித்தாள். அண்ணன் முத்திரையைக் குத்தினார். பாராட்டு ஒன்றும் கிடையாது. "படத்துல செத்த மாதிரிதான் இருக்கு," என்று முணுமுணுத்தார்.

கேட்டவர்கள் எல்லாம், பிள்ளையைப் பேசவைக்க அவர் வேண்டுமென்றே செய்த தந்திரம் என்கிறார்கள். தயவுசெய்து அவருக்கு அந்தப் பெருமையைக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த சனிக்கிழமையே இன்னொருவரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "யானை செத்துரும் அக்கா. எறும்பெல்லாம் கல்யாணத்த நிப்பாட்டிட்டு அழுவும்."

டாக்டரிடமும் போனோம். வீட்டுக்கு வெளியே யாரிடமாவது பேசுகிறாளா என்று கேட்டார். ஒரு நூலகரிடம் என்றேன், கொஞ்சம் வெட்கத்தோடு. அதை விடாதீர்கள் என்றார். போன வாரம் பாலர் பள்ளியில் தண்ணீர் வேண்டும் என்று வாய் திறந்து கேட்டாளாம். ஆசிரியை எனக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தார். அதை எத்தனை முறை கேட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

"லைப்ரரி அங்கிளுக்கு ஒண்ணுமே தெரியல மா," என்கிறாள் யாழினி. "நாமதான் சொல்லணும்."

இந்த வாரம் எடுத்து வந்தது ஓர் ஆமைக் கதை. மகள் தூங்கிய பிறகும் அதை இன்னொரு முறை பார்த்துக்கொண்டிருக்கிறேன். தப்பாகச் சொல்லிவிட்டால் பாவம், அந்த மனிதர் நம்பிவிடுவார்.