நவாபு என்னும் குதிரையை வாங்குவது தொடர்பாக

பல்லவர்கள் ஆண்டு முடித்த பிறகு, காஞ்சி மாநகரில் ஒரு குதிரை முறைப்படி, சாஸ்திரப்படி, கால்நடை மருத்துவப்படி ஆராயப்பட்டது ஒரே ஒரு முறைதான். அந்தப் பெருமை பிள்ளையார்பாளையத்துப் பட்டு வியாபாரி குமாரவேலையே சேரும். பல்லவர்களாவது அவசரத்தில் வாங்கியிருப்பார்கள்; வாசலில் யுத்தம் காத்திருக்கும். குமாரவேலுக்கு அந்த அவசரமெல்லாம் கிடையாது. அவருடைய ஒரே மகள் காவேரியின் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

கல்யாணத்துக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் சமீபத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் போகாதவர்கள். மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் என்பதெல்லாம் பழைய பஞ்சாங்கம். இப்போது 'ஹெரிடேஜ் வெட்டிங்' என்று ஒன்று வந்திருக்கிறது. அதன்படி மாப்பிள்ளை தலைப்பாகை கட்டிக்கொண்டு வெள்ளைக் குதிரை மேல் வரவேண்டும். முன்னால் செண்டை மேளம், மேலே ட்ரோன், எல்லார் கண்ணிலும் புகை. நம் பாட்டன் முப்பாட்டன் யாரும் இப்படிக் கல்யாணம் செய்துகொண்டதில்லை என்பதால்தான் அதற்கு 'ஹெரிடேஜ்' என்று பெயர்.

மாப்பிள்ளை வீட்டார் குதிரைக்கு ஆசைப்பட்டுவிட்டார்கள். குமாரவேல் யோசித்தார். வாடகைக் குதிரை என்றால் ஊர்வலத்தோடு போய்விடும். சொந்தக் குதிரை என்றால் கல்யாணம் முடிந்ததும் கடை வாசலில் கட்டலாம். முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள் அதோடு செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். மகள் கல்யாணத்திலேயே கடைக்கு விளம்பரமும் பார்க்கிற தீர்க்கதரிசனம் எல்லா அப்பாக்களுக்கும் வாய்க்காது.

உடனே 'குதிரைக் கொள்முதல் ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், குமாரவேல். செயலாளர், அவருடைய மைத்துனர் திருஞானசம்பந்தம். காலமெல்லாம் அரசாங்கக் கோப்புகளை இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு நகர்த்தி, கை ஓய்ந்து ஓய்வு பெற்றவர். கடையில் கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போடுகிற காவேரி, கல்யாணப் பெண் என்ற முறையில், 'பார்வையாளர்'.

மாப்பிள்ளையை முடிவு செய்ததற்குக் குழு எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். திருப்புட்குழியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "சிவராஜுன்னு ஒரு பையன், ஐ.டி.யில இருக்கான், நல்ல குடும்பம்" என்றார். பாயசம் வருவதற்குள் குமாரவேல் சம்மதித்துவிட்டார். ஆனால் குதிரை விஷயத்தில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு இறங்க முடியுமா? ஊர் சிரிக்காதா?

ஞாயிற்றுக்கிழமை காலை, முசரவாக்கத்தில் பேண்டு செட்டும் சாரட்டு வண்டியும் வைத்திருக்கிற மணிவண்ணன், கடைக்குப் பின்னாலிருந்த காலி மனைக்கு நவாபை ஓட்டிவந்தான். நவாபு வெள்ளைதான். உயரம்தான். ஆனால் நிற்கும்போது ஏதோ பழைய துக்கத்தை நினைத்துக்கொண்டு நிற்பது போல நின்றது.

"ஏம்பா விக்கற?" என்று குமாரவேல் விசாரணையைத் தொடங்கினார்.

"ட்ரோன் வாங்கப் போறேன் மொதலாளி. அது கொள்ளு கேக்காது, லத்தி போடாது."

"வயசு?"

"பன்னெண்டு. சின்னப் புள்ள."

குமாரவேல் தலையாட்டினார். நம்பவில்லை. நூலிலும் சாயத்திலும் ஊறிய குடும்பம். சொல்லை நம்பிச் சரக்கு எடுக்கிற வழக்கம் அங்கே கிடையாது. தோளிலிருந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து, நவாபின் கழுத்தில் அழுத்தித் தேய்த்தார்.

"இன்னா மொதலாளி பண்றீங்க?"

"சாயம் போவுதான்னு பாக்கறேன்."

"ஐயோ, பொறந்ததுலேர்ந்தே வெள்ள மொதலாளி!"

"விக்கறவன் எல்லாம் அப்டிதாம்பா சொல்லுவான்."

துண்டில் அழுக்குதான் வந்தது. அடுத்தது ஆதாரமான சோதனை. நவாபின் வாலிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, தீக்குச்சி கிழித்துக் கொளுத்தி, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். பட்டு இழையைக் கொளுத்தினால் மயிர் கருகும் வாசனை வரவேண்டும், வந்தால் அசல். வந்தது.

"சுத்தப் பட்டு! கலப்படமே இல்ல!" என்று அறிவித்தார்.

திருஞானசம்பந்தம் பேனாவை எடுத்து, 'பொருள் அசல் எனக் கண்டறியப்பட்டது' என்று பதிவு செய்தார். காவேரி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு கால்நடை மருத்துவர் பிரவீனா வந்தார். நவாபின் வாயைத் திறந்து பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார், விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"இவருக்கு இருபத்திரண்டு வயசு ஆகுது."

குமாரவேல் அதிர்ந்துபோனார். "டேய் மணிவண்ணா! பத்து வயச முழுங்கிட்டியே! நீ மனுசனா?"

"வயசக் கொறச்சிச் சொல்றது ஒலகத்துல இருக்கறதுதான மொதலாளி."

"அது ஏமாத்து வேலடா! ஒரு சீவனக் குடுக்கறவன், எடுக்கறவங்கிட்ட உண்மையச் சொல்ல வேணாமா?"

இந்த வாசகத்தைக் கல்லில் வெட்டிக் கோயில் மதிலில் பதிக்கலாம். டாக்டர் தொடர்ந்தார்: முன்னங்கால் மூட்டு தேய்ந்திருக்கிறது. தூசி பட்டால் இருமலும் மூச்சிரைப்பும் வரும். இடது கண்ணில் பார்வை மங்கல். பல் சரியில்லை, எல்லாவற்றையும் ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும். காலையும் சாயங்காலமும் மருந்து.

"கூடவே ஒருத்தர் இருந்து பாத்துக்கணும். பாத்துக்கிட்டா இன்னும் சில வருஷம் நல்லா இருப்பாரு. குணம் தங்கம். ஆனா எல்லாத்தையும் தெரிஞ்சிக்கிட்டு வாங்குங்க. வாங்கிட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது."

குழு விடவில்லை. ராத்திரி தூங்குமா? கோபம் வருமா? தாய் தகப்பனுக்கு ஏதாவது பரம்பரை வியாதி உண்டா? முன்பு இருந்த இடத்திலிருந்து ஏன் வந்தது? கெட்ட பழக்கம் ஏதாவது?

"வெல்லம்" என்றான் மணிவண்ணன். "கண்டா உட மாட்டான்."

"அப்பா, இவ்ளோ கேக்கணுமா?" என்றாள் காவேரி மெதுவாக.

"இன்னாமா இப்டி கேக்கற? நாளைக்கு ஊட்டோட வந்து இருக்கப்போற சீவன். கேக்காம எப்டி?"

காவேரியும் இன்னொரு வீட்டுக்குப் போய் இருக்கப்போகிறவள்தான். மாப்பிள்ளையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு போட்டோ, ஒரு பையோடேட்டா, ஐ.டி., நல்ல குடும்பம்.

அந்த நேரத்தில் சாட்சாத் மாப்பிள்ளையே வந்து இறங்கினார். ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று குமாரவேல்தான் வரச்சொல்லியிருந்தார். சிவராஜ் காரிலிருந்து இறங்கியதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வணக்கம் மாமா" என்று மனதாரக் கும்பிட்டார். நவாபைப் பார்த்து.

"வாயில்லா சீவனுக்கும் மரியாத குடுக்கறாரு பாரு!" என்று நெகிழ்ந்தார் திருஞானசம்பந்தம்.

"பையோடேட்டாவுல வயசு முப்பத்திரெண்டுன்னு இருந்திச்சே" என்று காவேரி தாய்மாமன் காதில் கிசுகிசுத்தாள்.

"வெயில்ல நின்னா எல்லாருக்கும் பத்து வயசு கூடத்தாம்மா தெரியும்."

சிவராஜ் குதிரை ஏற ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. நாற்காலி மேல் ஏற இன்னொரு நாற்காலி போடப்பட்டது. ஒரு காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"ஒரு நிமிஷம் மாமா. முட்டி லாக் ஆயிடுச்சி."

"அவசரமே இல்ல மாப்ளே!"

நான்கு பேர் சேர்ந்து தள்ளியதில் ஏறிவிட்டார். நவாபு ஓரடி எடுத்து வைத்தது. தூசி கிளம்பியது. நவாபு இருமியது. சிவராஜும் இருமினார். இரண்டு இருமலும் ஒரே சுருதியில் இருந்தன. சிவராஜ் பையிலிருந்து ஒரு இன்ஹேலர் பம்பை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சினார். டாக்டர் பிரவீனாவின் கை தன்னையறியாமல் ஸ்டெதஸ்கோப்புக்குப் போய்த் திரும்பி வந்தது.

"ஐ.டி. இல்லியா, ஏசியிலயே இருந்து பழக்கம்" என்று குமாரவேல் விளக்கம் கொடுத்தார்.

வெயில் ஏறிற்று. மாப்பிள்ளையின் கிருதாவிலிருந்து ஒரு கறுப்புக் கோடு இறங்கிக் கன்னத்தில் வழிந்து, வெள்ளைச் சட்டைக் காலரில் போய்ச் சேர்ந்தது. பத்தடி தூரத்தில் சாயம் போவதைக் கண்டுபிடித்துவிடும் குமாரவேல், அந்தச் சமயம் பார்த்து ஏகாம்பரநாதர் கோபுரத்தைச் சேவித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு முன்னாடி குதிர ஏறியிருக்கீங்களா?" என்று காவேரியே கேட்டாள். அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"ஒரே ஒரு தடவ. என் கிளாஸ்மேட் கல்யாணத்துல. அவன் பையன் இப்ப காலேஜ் படிக்கறான்."

திருஞானசம்பந்தம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். "அந்த ஃப்ரெண்டுக்கு ரொம்பச் சின்ன வயசுல கட்டி வெச்சிருப்பாங்க" என்றார்.

நவாபுக்கு அதற்கு மேல் முடியவில்லை. யாருக்கும் சிரமம் கொடுக்காமல், மெதுவாக முழங்காலை மடித்து உட்கார்ந்துகொண்டது. சிவராஜ் இறங்கினார், சர்க்கரை போடாத டீ கேட்டு வாங்கிக் குடித்தார், காரில் ஏறிப் போனார். கெட்ட மனிதர் இல்லை, போகும்போது நவாபின் முதுகைத் தடவி, "உனக்கும் முட்டியா?" என்று விசாரித்துவிட்டுத்தான் போனார்.

குழு கூடியது. திருஞானசம்பந்தம் எழுந்து நின்று வாசித்தார்: "மேற்படி நவாபு என்னும் குதிரை வயது முதிர்ந்தது, வயது குறித்துத் தவறான தகவல் அளிக்கப்பட்டது, மூட்டு, மூச்சு, பார்வை ஆகிய இனங்களில் குறைபாடு உடையது, தொடர் பராமரிப்பு தேவைப்படுவது என்பதால், மேற்படியை ஏற்பதற்கில்லை எனத் தீர்மானிக்கப்படுகிறது."

மணிவண்ணன் கயிற்றை அவிழ்த்தான். காவேரி மடியில் கோத்திருந்த கைகளைப் பிரித்தாள்.

"அப்பா, நான் ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு கண்ணு."

"வயசு, முட்டி, இருமல், கண்ணு. நவாபுக்கு இருக்கறது எல்லாம் அவருக்கும் இருக்குது. அவரும் மறைச்சிதான் இருக்காரு. நவாபு வேணாம்னு எழுதிட்டீங்க. அப்ப அவரு மட்டும் எப்டிப்பா?"

திருஞானசம்பந்தம் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். குமாரவேல் மகளை அன்பு பொங்கப் பார்த்தார். எவ்வளவு படித்தும் இந்தப் பெண்ணுக்கு உலகம் தெரியவில்லையே என்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அசடு! ரெண்டும் ஒண்ணாம்மா?" என்று அவள் தலையைத் தடவினார். "குதிரைய வாங்கிட்டா, ராவும் பகலும் கூடவே இருந்து பாத்துக்க வேண்டியது நானாச்சே!"